என் வலது கண்ணைக் கவனித்த மணமகள்

2014-ஆம் ஆண்டு கோடைகாலத்தில், பாரிஸை ஒட்டியிருக்கும் லா கூர்னெவ்வில், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியறையில் தொடங்கிய கதை இது. அன்று அந்த அறையில் நடந்தது என்ன என்று எனக்கே இரண்டு கிழமை கழித்துத்தான் தெரிந்தது.

நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறவள். ஊர் யாழ்ப்பாணம். பாரிஸுக்கு வந்த காலத்தில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் அழகு நிலையத்தில் சம்பளத்துக்கு வேலை செய்தேன். புருவம் திருத்துவது, முடி வெட்டுவது, கல்யாண நாட்களில் பெண்ணுக்குச் சோடிப்பது எல்லாம் அங்கே பழகியதுதான். 2009-இல் தனியாளாகத் தொழில் பதிவது இந்த நாட்டில் இலகுவாக்கப்பட்டது. இனி யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை என்று நானும் பதிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு பெரிய பெட்டி நிறைய மேக்கப் சாமான், ஒரு கைத்தொலைபேசி, அவ்வளவுதான் என் கடை. கோடைகாலத்தில் சனி ஞாயிறு என்றால் மூச்சுவிட நேரமிருக்காது.

சுதந்திரமாக இருந்தேன். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு வந்திருந்தேன், மியூச்சுவெல்.

பிரான்ஸில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். இங்கே வைத்தியரிடம் போனால், ஆஸ்பத்திரியில் படுத்தால், பெரும் பங்கை அரசாங்கக் காப்புறுதி பார்த்துக்கொள்ளும். பல்லும் மூக்குக்கண்ணாடியும் என்று வரும்போதுதான் அது கையை விரிக்கும். அந்தக் காலத்தில் இன்னும் மோசம். மிச்சத்தைக் கட்டுவதற்கு எல்லோரும் தனியாக இன்னொரு காப்புறுதி வைத்திருப்பார்கள். அதற்குத்தான் மியூச்சுவெல் என்று பெயர். சம்பளத்துக்கு வேலை செய்கிற பலருக்கு முதலாளியே எடுத்துக் கொடுப்பார். என் கணவருக்கு அவர் வேலை செய்யும் களஞ்சியத்தில் இருந்தது, ஆனால் அது அவருக்கு மட்டும். நான் எனக்கு நானே தேடவேண்டும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி வருடங்கள் போய்விட்டன.

கடைசியில் என்னை அசைத்தது ஒரு கடைவாய்ப்பல். இடது பக்கம், கீழே. பயித்தம் பணியாரம் கடிக்கும்போது பாதி உடைந்து கையோடு வந்தது. மிச்சப் பாதி குளிர்தண்ணீர் பட்டாலே உயிரை எடுத்தது. பல் வைத்தியர் அதன்மேல் உறைபோல ஒரு கிரீடம் போடவேண்டும் என்று சொல்லி, அதற்கான செலவைச் சொன்னபோது வலி சற்று நேரம் மறந்தே போனது.

அந்த நேரம் பார்த்து ஒரு மியூச்சுவெல் விற்பனையாளர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறதாம். பல்லுக்கு நூற்றுக்கு இருநூறு வீதம். கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை, அதனால் மலிவு. பத்திரங்கள் தபாலில் வீட்டுக்கு வந்துவிட்டன. கையெழுத்து வைத்து அனுப்பவேண்டியது மட்டும்தான் பாக்கி.

கண்ணுக்கு எனக்கு என்ன குறை? கிட்டப் பார்ப்பதற்கு சென் தெனி சந்தையில் வாங்கிய கண்ணாடி இருந்தது. இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்து, எழுத்து பெரிதாகத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். என் வயதில் எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இந்தக் கல்யாணம் வந்தது.

மணமகள் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும். ஆனால் என்னோடு தமிழில்தான் கதைத்தாள். கொஞ்சம் உடைந்த தமிழ், கேட்க ஆசையாக இருக்கும். சோடிக்கும்போது பெண்களின் பதற்றம் குறையட்டும் என்று நான் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்கே வேலை என்று கேட்டேன். ஒரு காப்புறுதி அலுவலகத்தில் என்றாள்.

"மியூச்சுவெல்லோ?" என்றேன்.

"ஓம் அன்ரி. பல்லு, கண்ணாடி எல்லாம் எங்கடை டேபிளுக்குத்தான் வரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பல்லின் கதையையும், வீட்டில் கையெழுத்துக்குக் காத்திருக்கும் பத்திரங்களின் கதையையும் சொன்னேன். தலையில் பூ வைத்துக்கொண்டிருக்கும் ஒரு மணமகளிடம் யாராவது மியூச்சுவெல் கதைப்பார்களா? நான் கதைத்தேன்.

"கையெழுத்து வைக்காதேங்கோ அன்ரி. நான் ஒருக்காப் பாக்கிறன்," என்றாள்.

என் முகத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணம் முடிந்தால் அவளுக்கு என் ஞாபகம் எங்கே இருக்கப்போகிறது.

அன்றைக்கு வேலை ஏனோ ஓடவில்லை. குங்குமச் சிமிழைத் தட்டிவிட்டேன். நல்லவேளை, கூறைச்சேலை அப்போது கட்டிலில் இருந்தது. கொண்டை ஊசிகளை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவளே கையில் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாளாம். "இஞ்சை இருக்கு அன்ரி" என்று அவள் சொன்ன பிறகுதான் கண்டேன். வாசலில் நின்ற தாய் முகூர்த்தம் நெருங்குகிறது என்று அவசரப்படுத்தினார். மாடியறையில் வெளிச்சம் போதாது, நித்திரையும் காணாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு கண்மை தீட்டினேன், பொட்டு வைத்தேன்.

முடிந்ததும் அவள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். கொஞ்சம் நேரமெடுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் தெரிந்த என்னைப் பார்த்தாள்.

"வடிவா இருக்கு அன்ரி. மெர்சி," என்றாள்.

அவ்வளவுதான். கீழே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

அடுத்த கிழமை லா சப்பலில் ஒரு சேலைக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் அந்தக் கல்யாணத்துக்குப் போனவர். தன் தொலைபேசியில் படங்களைத் தட்டித் தட்டிக் காட்டினார். மணமகளின் முகம் பெரிதாகத் தெரிந்த ஒரு படம் வந்தது. ஒரு கண்ணின் மைக்கோடு மெல்லியதாக மேலே ஏறியிருந்தது. மற்றக் கண்ணில் அது தடித்துக் கீழே இறங்கியிருந்தது. பொட்டு நடு நெற்றியில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி நின்றது. கடைக்காரப் பெண் விரலை வேகமாக இழுத்தார். அடுத்த படத்துக்குத் தாண்டினார். அந்த அவசரமே போதுமாக இருந்தது.

இத்தனை வருடத்தில் எத்தனை பெண்களுக்குச் சோடித்திருப்பேன்! பொட்டு வைப்பதற்கு எனக்கு அளவு பார்க்கவும் தேவையில்லை. அன்றைக்கு மட்டும் என்ன நடந்தது? வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "களைப்பாயிருக்கும், விடு," என்றார். என்னால் விட முடியவில்லை. எங்கள் தொழிலுக்கு விளம்பரமும் வாய்ப்பேச்சுத்தான், வில்லங்கமும் வாய்ப்பேச்சுத்தான். லா சப்பலில் ஒரு தெருமுனையில் ஒருவர் குறை சொன்னால், நாம் மற்றத் தெருமுனைக்கு நடந்து போவதற்குள் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அந்தத் தாயாக இருக்குமோ என்று பயந்தேன்.

ஒருநாள் அடித்தது. தாய் இல்லை, மகள்.

"அன்ரி, உங்களை நேர வந்து சந்திக்கவேணும். லா சப்பலுக்கு வாறன்."

"ஏதும் பிரச்சினையே பிள்ளை?"

"நேர கதைப்பம் அன்ரி. அந்த மியூச்சுவெல் பேப்பரையும் கொண்டு வாங்கோ."

பத்திரங்களைக் கொண்டுவரச் சொன்னது என் காதில் சரியாக விழவேயில்லை. நேரில் கதைப்போம் என்றதுதான் விழுந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

மெட்ரோ நிலையத்துக்குக் கிட்ட ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. மத்தியானக் கூட்டம் முடிந்து ஓய்ந்திருந்தது. ஜீன்ஸும் சட்டையுமாக, தாலிக்கொடியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பால்தேநீர் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன் முந்திக்கொண்டாள்.

"கையெழுத்து வைச்சிட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை."

"நல்லது. தாங்கோ பாப்பம்."

பத்திரங்களை வாங்கி, முதற்பக்கத்தை விட்டுவிட்டு நேரே உள்ளே போனாள். "பல்லுக்கு இருநூறு வீதம் எண்டால் என்னெண்டு நினைக்கிறியள் அன்ரி?"

"நான் கட்டிற காசைப்போல இரண்டு மடங்கு தருவாங்கள். இல்லையே?"

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சிரித்தாள், ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இல்லை. "எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். அது நீங்கள் கட்டிற காசிலை வீதமில்லை அன்ரி. ஒவ்வொண்டுக்கும் அரசாங்கம் தன்ரை கணக்கிலை ஒரு விலை வைச்சிருக்கு. அது சரியான குறைஞ்ச விலை. அந்த விலையிலைதான் வீதம். டொக்டர் கேக்கிறது அதைவிட எவ்வளவோ கூட. இனிமேல் ஆரும் வீதம் சொன்னால், 'யூரோவிலை சொல்லுங்கோ' எண்டு கேளுங்கோ."

பிறகு பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தாள். சேர்ந்து பல மாதம் போகும்வரை பல்லுக்கு ஒன்றுமே தரமாட்டார்கள் என்று அதில் எழுதியிருந்ததாம். என் பல் அதுவரை காத்திருக்குமா? நான் கடைவாயில் நாக்கை வைத்தபடி அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வெறும் சாம்பல் நிறக் கோடாகத்தான் தெரிந்தது.

அவள் பத்திரத்தை மூடினாள்.

"கண்ணுக்கு ஏன் ஒண்டும் எடுக்கேல்லை அன்ரி?"

"கண்ணுக்கு என்ன, நல்லாத்தானே தெரியுது."

"கடைசியா எப்ப கண் டொக்டரிட்டைப் போனனீங்கள்?"

போனதேயில்லை என்றேன். அவள் தேநீர்க் குவளையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அவள் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது விளங்குகிறது. அப்போது எனக்குத் தோன்றியது, இப்போதுதான் கல்யாணக் கதைக்கு வரப்போகிறாள் என்று. அது சரிதான், அவள் அங்கேதான் வந்தாள். ஆனால் நான் நினைத்த வழியால் வரவில்லை.

"அண்டைக்கு நான் ஊசியை உங்கடை வலது பக்கம்தான் நீட்டிக்கொண்டு இருந்தனான். உங்களுக்குத் தெரியேல்லை. குங்குமமும் வலது பக்கம்தான் தட்டுப்பட்டது. என்ரை முகத்தைப் பாக்கேக்கை ஒவ்வொரு தரமும் தலையைத் திருப்பி இடது கண்ணாலை பாத்தனீங்கள். என்ரை பெரியப்பாவும் இப்பிடித்தான் திரும்பித் திரும்பிப் பாப்பார். வயசுக்கு எண்டு நாங்கள் பேசாமல் விட்டிட்டம். இப்ப அவருக்கு ஒரு கண் இல்லை."

நான் ஏதோ சொல்ல முயன்றேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இடது கண்ணைக் கையாலை மூடிக்கொண்டு என்னைப் பாருங்கோ."

மூடினேன்.

அவளுடைய நெற்றி தெரிந்தது. ஒரு கண் தெரிந்தது. அதற்குக் கீழே கன்னமும் வாயும் இருக்கவேண்டிய இடம் ஈரமான கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலக் கரைந்துபோயிருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த கடை வாசலைக் காணவில்லை. கையை எடுத்தேன். எல்லாம் திரும்பி வந்தன. மறுபடி மூடினேன். மறுபடி போயின.

நான் பயந்த பயம் இன்றைக்கும் உடம்பில் இருக்கிறது. நாற்பத்தைந்து வயது வரையில் ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் உலகத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. யாருக்குத்தான் தோன்றும்? ஒரு கண் தன் வேலையை விட்டால் மற்றக் கண் சத்தமில்லாமல் அதையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

"என்ன செய்யிறது பிள்ளை?" என்றேன்.

"பயப்பிடாதேங்கோ. முதல் டொக்டரிட்டைப் போவம்."

பாரிஸில் கண் வைத்தியரிடம் ஒரு ரொந்தேவு, அதாவது பார்ப்பதற்கு ஒரு நாள், எடுப்பது லேசான காரியமில்லை. அவள் அங்கேயே இருந்து இரண்டு மூன்று இடங்களுக்குத் தொலைபேசி எடுத்தாள். எல்லா இடத்திலும் குளிர்காலத்துக்குத்தான் நாள் கொடுத்தார்கள். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சற்று யோசித்தாள். பிறகு எடுத்து இன்னொரு இடத்துக்கு அடித்தாள். பிரெஞ்சில் வேகமாகக் கதைத்தாள். எனக்கு விளங்கிய சொற்கள் கொஞ்சம்தான். என் பெயரைச் சொன்னாள். "மா தாந்த்" என்றாள், என் அத்தை என்று அர்த்தம். மறுபக்கத்தில் செயலாளர் மறுக்கிறார் என்று அவள் முகத்தில் தெரிந்தது. அவள் விடவில்லை. குரலை உயர்த்தாமல், ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் "மெர்சி, மெர்சி" என்று சொல்லி வைத்தாள்.

"வாற வியாழன் அன்ரி. நானும் வாறன்."

"அது எப்படிப் பிள்ளை உடனே கிடைச்சது?"

"அது என்ரை ரொந்தேவு. பனிக்காலத்திலை எடுத்து வைச்சது. எனக்கு லென்ஸ் மாத்திறதுதானே, பிறகு பாக்கலாம்."

அவளோடு எனக்கு ஓர் உறவும் இல்லை. அவள் கல்யாணத்து முகத்தைக் கோணலாக்கியவள் நான். அதைப்பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. நான்தான் கடைசியில் தாங்காமல், "உன்ரை படமெல்லாம் பழுதாப் போச்சே பிள்ளை," என்றேன். "படம் தானே அன்ரி," என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குக் காசு கொடுக்க எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வைத்தியர் ஒரு பெண்மணி. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், அழுத்தம் அளந்தார். பிறகு முகம் மாறாமல், பக்கத்து அறையில் இன்னொரு சோதனை செய்யவேண்டும் என்றார். இருட்டறை. ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து நேரே பார்க்கவேண்டும். சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் வரும். புள்ளியைக் காணும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமத்தவேண்டும்.

இடது கண்ணுக்கு நன்றாகப் போனது. அங்கொன்று, இங்கொன்று, அமத்தினேன். பிறகு இடது கண்ணை மூடி வலது கண்ணுக்கு மாற்றினார்கள். காத்திருந்தேன். ஒன்று வந்தது, அமத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். இயந்திரம் நின்றுவிட்டது என்று நினைத்து, "மெஷின் நிண்டிட்டுதோ எண்டு கேள் பிள்ளை," என்றேன்.

அவள் கேட்டாள். இயந்திரத்தை இயக்கிக்கொண்டிருந்தவர் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. என் தோளில் கையை வைத்தாள்.

"நிக்கேல்லை அன்ரி. ஓடிக்கொண்டுதான் இருக்குது."

கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் வருத்தம். வலி இல்லை, சிவப்பு இல்லை, கண்ணீர் இல்லை. வைத்தியர் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள். ஒரு சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் தடுமாறினால், நான் விளங்கிக்கொள்ளும்வரை சுற்றிவளைத்துச் சொன்னாள். வலது கண்ணில் போனது போனதுதான், திரும்ப வராது. இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. ஆனால் தொடக்கம்தான். சொட்டு மருந்து ஒழுங்காக விட்டால், விடாமல் வந்து காட்டினால், அதைக் காப்பாற்றலாம். இன்னும் இரண்டொரு வருடம் இப்படியே விட்டிருந்தால் என்று வைத்தியர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வசனத்தை முடிக்காமலே விட்டார்.

வெளியே வந்து நடைபாதையில் நின்று அழுதேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைத் தேற்றவில்லை, அழ விட்டாள். பிறகு பக்கத்தில் இருந்த மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய் மருந்தை வாங்கி, வீட்டுக்கு வந்து, எப்படி விடுவது என்று என் கணவருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

மியூச்சுவெல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதுவும் அவள் சொல்லித்தந்தபடிதான். அவளுடைய அலுவலகத்தின் திட்டத்தையே என் தலையில் கட்டுவாள் என்று என் கணவர் ஆரம்பத்தில் சந்தேகப்பட்டார். அவள் கட்டவில்லை. "என்ரை வேலையிடத்திலை தனியாத் தொழில் செய்யிற ஆக்களுக்கு நல்லது இல்லை அன்ரி," என்று நேரே சொன்னாள். வேறு இடங்களில் கேட்கவேண்டியதைப் பிரெஞ்சில் எனக்குப் பழக்கிவிட்டாள். நானே தொலைபேசி எடுத்துக் கேட்டேன். எனக்கு எவ்வளவு தருவீர்கள், வீதத்தில் இல்லை, யூரோவில். எப்போதிலிருந்து தருவீர்கள். ஏற்கெனவே இருக்கும் வருத்தத்துக்கும் தருவீர்களா. என் பிரெஞ்சைக் கேட்டு ஒருவர் பொறுமையிழந்து வைத்துவிட்டார். இன்னொருவர் நிதானமாகப் பதில் சொன்னார். அவரிடம் எடுத்தேன். பல்லும் கண்ணும் இரண்டும் உள்ள நடுத்தரமான திட்டம், கண்ணாடிக்கு முதல் நாளிலிருந்தே தரும். அதில்தான் என் வாழ்க்கையிலேயே முதன்முதலாக வைத்தியர் எழுதிக்கொடுத்த கண்ணாடி போட்டேன். பல்லுக்கு நகரசபையின் சுகாதார நிலையத்தில் குறைந்த செலவில் செய்வார்கள் என்று அவளே விசாரித்துச் சொன்னாள். அங்கே ஒரு தற்காலிக மருந்தை அடைத்து, காலம் வந்ததும் கிரீடம் போட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால், என் கண்ணைக் காப்பாற்றியது மியூச்சுவெல் இல்லை. வைத்தியருக்கும் சொட்டு மருந்துக்கும் அரசாங்கக் காப்புறுதியே பெரும்பாலும் கட்டுகிறது. ஆனால் 'எதை எடுப்பது, எதை விடுவது' என்று தேடும்போதுதான் என் உடம்பைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்டார். முதலாளியிடம் வேலை செய்தபோது வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது கேட்பார்கள். தனியாக வந்தபிறகு கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. தனியாகத் தொழில் தொடங்கும் பெண்களை இப்போது கண்டால் கடைசியாக எப்போது கண்ணைச் சோதித்தீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் போய்ச் சோதித்துவிட்டு வந்து சொல்வார்கள்.

அந்தக் கோடையின் மிச்சக் கல்யாணங்களை நான் ஏற்கவில்லை. இனி இந்தத் தொழில் சரிவராது என்றுதான் நினைத்தேன். புதுக் கண்ணாடியோடு வீட்டில் சொந்தக்காரப் பிள்ளைகளை உட்காரவைத்து மறுபடி பழகினேன். பெண்ணை என் இடது பக்கம் இருத்தினேன், நல்ல விளக்கு ஒன்று வாங்கினேன், முடிந்ததும் தள்ளி நின்று இரண்டு தரம் பார்க்கப் பழகினேன். கை தன் வேலையை மறக்கவில்லை.

இதெல்லாம் ஒருவாறு சரியான பிறகு, லா சப்பலில் மரக்கறிக் கடையில் அந்த மணமகளின் தாயைக் கண்டேன். ஒளிந்துகொள்ள இடமில்லை. அவரே சிரித்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, என்ரை தங்கச்சியின்ரை மகளுக்குத் தையிலை கல்யாணம். நீர்தான் வந்து சோடிக்கவேணும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, மகளின்ரை படம் பாத்தனீங்கள்தானே..."

"ஐயோ, அதைக் கேளாதையும்! எவ்வளவு காசைச் செலவழிச்சுச் சோடிச்சு விட, அழுது கண்ணைக் கசக்கிப் பொட்டையும் இழுத்து எல்லாத்தையும் பழுதாக்கிப் போட்டாளாம். தானே சொன்னவள். நான் குடுத்த பேச்சு இருக்கே! உம்மிலை ஒரு பிழையும் இல்லை."

முருங்கைக்காய்க் கட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். அவள் அழவில்லை. அவள் கண்ணைக் கசக்கவும் இல்லை. தன் தாயிடம் பேச்சு வாங்கி, என் தொழிலைக் காப்பாற்றியிருக்கிறாள். என்னிடம் அதை ஒரு நாளும் சொல்லவில்லை. எத்தனை முறை சந்தித்தோம், எத்தனை முறை தேநீர் குடித்தோம்!

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தாய்க்குத் தன் பிள்ளை எப்படிப்பட்டவள் என்று தெரியாமல் போகக்கூடாது என்று பட்டது. அந்த மரக்கறிக் கடையிலேயே, கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, மாடியறையிலிருந்து இருட்டறை வரை எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அவர் என் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவளை நான் சும்மா ஏசிப்போட்டன்," என்று மட்டும் சொன்னார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. தை மாதக் கல்யாணத்துக்கு நான்தான் சோடித்தேன்.

என் இடது கண் இன்றும் நன்றாக இருக்கிறது. வலது கண்ணில் போனது போனபடியே. காலையும் மாலையும் சொட்டு மருந்து விடுகிறேன், சொன்ன நாளில் போய்க் காட்டுகிறேன். அந்தப் பிள்ளைக்கு நான் பட்ட நன்றிக்கடனைச் சொல்ல முயன்றால், "விடுங்கோ அன்ரி," என்று வேறு கதைக்குப் போய்விடுவாள்.

அதனால் அதை வேறு விதமாகச் செலுத்தப் பழகிக்கொண்டேன். கடையில் மீதிக் காசைப் பிழையாகத் தருகிறவர், வேலையைச் சொதப்புகிறவர், சொன்ன நேரத்துக்கு வராதவர் என்று யாரைக் கண்டாலும், கோபம் வருமுன் "உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். தன் கல்யாண நாளிலேயே என் பிழையைப் பார்க்காமல் என்னைப் பார்க்க ஒருத்தியால் முடிந்ததென்றால், சாதாரண நாட்களில் எனக்கு அது முடியாதா என்ன?